டப்பாவில் இருக்கும் எண்ணெயும் இடுக்கில் இருக்கும் எண்ணெயும்

வாசகர் கேள்வி – டீச்சர் பதில்

சென்ற இதழில் இரண்டு விடயங்களை எழுதியிருந்தேன். இரண்டு பரப்புகளுக்கு நடுவே எண்ணெய் சில மூலக்கூறுகளின் தடிப்புக்கு நசுங்கிய பிறகும் அதன் உராய்வை அளக்க முடியும் என்பது ஒன்று. எண்ணெய் டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் பாகுத்தன்மை எண் (திரவம் ஓடுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) அந்த இடத்தில் செல்லாது என்பது மற்றொன்று. என் ஆராய்ச்சிக் காலம் முழுவதும் இந்த ஒரே பிரச்சினையோடுதான் கழிந்தது என்பதையும் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். ஆகவே இந்த மாதம் மழை, மின்னல், கிரகணம் பற்றிய கேள்விகள் காத்திருக்கட்டும்.

கேள்வி: நான் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். ரோலரின் பேரிங்கில் எண்ணெய் சரியாக நிற்கிறதா என்பதைக் கையை வைத்துச் சூட்டைப் பார்த்துத்தான் சொல்கிறோம். உள்ளே எண்ணெய் எத்தனை தடிப்பில் நிற்கிறது என்பதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா டீச்சர்?
— மஸ்கெலியா வாசகர்

பதில்: பார்த்திருக்கிறார்கள் அண்ணா. அதற்கு முன், கையை வைத்துப் பார்ப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். உராய்வு தின்னும் வேலை கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. என் தந்தையும் தொழிற்சாலையில் எண்ணெய் ஊற்றும் வேலை பார்த்தவர்தான். புறங்கையால் தொட்டுவிட்டு எந்த பேரிங் இன்று தொல்லை தரும் என்று சொல்வார். பெரும்பாலும் அது நடக்கும்.

பேரிங்குக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்பது 1883 வரைக்கும் யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த ஆண்டு இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியியலாளர் ரயில் அச்சுக்குரிய பேரிங் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காக மேலே ஒரு துளை போட்டார். ஊற்றிய எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக அந்தத் துளை வழியே பொங்கி வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக் கட்டையால் அடைத்தார்; அதையும் தள்ளிவிட்டது. பிறகு அழுத்தமானியை மாட்டிப் பார்த்தபோது, பேரிங்கின் மேல் இருந்த சராசரி அழுத்தத்தைவிட மிக அதிகமான அழுத்தத்தைக் காட்டியது. 1886இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். சுழலும் தண்டு எண்ணெயை ஒடுங்கிச் செல்லும் இடுக்குக்குள் தானே இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே எழும் அழுத்தம் தண்டையே தூக்கி நிறுத்துகிறது. சுழற்சி நின்றால் தூக்கும் அழுத்தமும் இல்லை. காலையில் இயந்திரத்தைக் கிளப்பும் முதற்சுற்றுகளில்தான் தேய்மானம் அதிகம் என்று நீங்கள் அனுபவத்தில் அறிந்ததன் காரணம் இதுதான்.

உங்கள் ரோலரில் இருப்பது தண்டு வெறும் குழலுக்குள் சுழலும் புஷ் பேரிங் என்றால் எண்ணெய்ப் படலம் பல மைக்கிரோமீற்றர் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். போல் பேரிங் என்றால் கதை வேறு. குண்டும் வளையமும் தொடும் இடத்தில் அழுத்தம் மிகப் பெரிது. அங்கே உருக்கே சற்றுச் சப்பையாகிறது. எண்ணெயின் பாகுத்தன்மையும் பல மடங்கு ஏறுகிறது. படலம் பெரும்பாலும் ஒரு மைக்கிரோமீற்றருக்கும் குறைவு. பளபளக்கும் உருக்கிலும் அந்த அளவுக்கு மேடு பள்ளம் இருக்கும். படலம் மேட்டைவிட உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதில்தான் பேரிங்கின் ஆயுள் இருக்கிறது.

கண்ணால் பார்த்த விதம் இது. வளையத்துக்குப் பதிலாகக் கண்ணாடித் தட்டை வைத்து, அதன் அடிப்பக்கத்தில் மிக மெல்லிய குரோமியப் பூச்சைக் கொடுத்து, உருக்குக் குண்டைக் கீழிருந்து அந்தப் பூச்சோடு அழுத்தி உருட்டினார்கள். மேலிருந்து ஒளியை விட்டால் குரோமியத்திலிருந்து திரும்பும் ஒளியும் குண்டிலிருந்து திரும்பும் ஒளியும் சேர்ந்து நிறங்களைக் காட்டும். மழை நாளில் ஹட்டன் பஸ் நிலையத்தில் டீசல் சிந்திய இடத்தில் நீங்கள் பார்க்கும் அதே நிறங்கள்தான். நிறத்திலிருந்து தடிப்பைக் கணக்கிடலாம். ஆனால் படலம் சுமார் 100 நனோமீற்றருக்கு (மைக்கிரோமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர்) கீழே போனால் நிறம் மாறுவது நின்றுவிடும். 1991இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜோன்ஸ்டன், வெய்ட், ஸ்பைக்ஸ் ஆகியோர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குரோமியத்தின் மேல் சிலிக்காவாலான இன்னொரு படலத்தை நிரந்தரமாகப் பூசினார்கள். எண்ணெய் இல்லாதபோதும் ஒளிக்குப் போதிய தடிப்பு அங்கே இருக்கும். எண்ணெய் வந்தால் அது கூடும். கூடிய அளவை, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி படித்துவிடும். இப்படிச் சில நனோமீற்றர் படலத்தையும் அளந்தார்கள்.

கேள்வி: உராய்வு விசை தொடுகைப் பரப்பில் தங்கியிருப்பதில்லை என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. நீங்களோ உராய்வு விசையைப் பரப்பால் வகுத்தால்தான் கொய்வுத் தகைப்பு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எது சரி மிஸ்?
— உயர்தர மாணவி, பண்டாரவளை

பதில்: இரண்டும் சரி மகளே. (கொய்வு என்பது ஒரு படலத்தைப் பக்கவாட்டில் வழுக்கச் செய்வது; அதற்கு ஒரு சதுர மீற்றருக்கு வேண்டிய விசைதான் கொய்வுத் தகைப்பு.) இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உனக்கு நீண்ட பதில் எழுத வேண்டும்.

உன் பாடத்தில் இருப்பது 1699இல் அமொந்தொன் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் சொன்னது; பிறகு கூலோம் உறுதிப்படுத்தியது. செங்கல்லைப் படுக்க வைத்தாலும் நிறுத்தி வைத்தாலும் இழுக்கும் விசை ஒன்றுதான். ஆனால் செங்கல் மேசையைத் தொடுவது நீ அடிமட்டத்தால் அளக்கும் பரப்பில் அல்ல. மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடுகின்றன. அந்த நுனிகளின் கூட்டுப் பரப்புதான் உண்மையான தொடுகைப் பரப்பு; அது வெளித்தோற்றப் பரப்பில் மிகச் சிறு பங்கு. சுமை கூடினால் நுனிகள் நசுங்கி உண்மைப் பரப்பு சுமைக்கு ஏற்பக் கூடுகிறது. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் இதை நிறுவினார்கள். உராய்வு விசை உண்மைப் பரப்பில்தான் தங்கியிருக்கிறது. உண்மைப் பரப்பு சுமைக்கு நேர்விகிதமாக இருப்பதால், பரப்பு கண்ணில் படாமல் சுமை மட்டும் சமன்பாட்டில் மிஞ்சுகிறது.

அப்படியானால் உண்மைப் பரப்பைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு தொடுகையை உண்டாக்கினால் என்ன? மேடே இல்லாத பரப்பு ஒன்று வேண்டும். தாள் தாளாக உரியும் கனிமமான மைக்கா, அணு மட்டத்தில் சமதளமாக, அதைத் தருகிறது. அங்கே விசையைப் பரப்பால் வகுத்து, ஒரு சதுர மீற்றர் படலத்தைக் கொய்ய எத்தனை நியூற்றன் வேண்டும் என்று நேரடியாகச் சொல்லலாம். இன்னொன்றையும் கவனி. ஒட்டும் இரண்டு மைக்கா பரப்புகளுக்கு நடுவே, சுமையைப் பூச்சியமாக்கினாலும் உராய்வு பூச்சியமாவதில்லை. ஒட்டும் விசையே பரப்புகளைச் சப்பையாக வைத்திருக்கிறது. உன் பாடத்தின் சமன்பாட்டில் சுமை பூச்சியமானால் உராய்வும் பூச்சியம். பரீட்சையில் பாடத்தில் உள்ளதை எழுது. அது செங்கல்லுக்குச் சரி. ஆனால் அது எங்கே முடிகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்.

கேள்வி: சில மூலக்கூறு தடிப்பான படலத்தை எப்படிப் பிடித்து வைத்து அளப்பது? கருவியின் பெயரை மட்டும் சொல்லாமல், உங்கள் கையால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நுவரெலியா

பதில்: ஐயா, முதல் வேலை மைக்காவை உரிப்பது. நாட்களின் பெரும்பகுதி அதில்தான் போகும்.

நம் மாத்தளைப் பகுதியிலும் மைக்கா கிடைக்கிறது. அது புளோகோபைட் என்ற தேன்நிற வகை. எங்கள் ஆய்வுகூடத்தில் பயன்படுத்தியது நிறமற்ற மஸ்கோவைட். தூசி வடிகட்டிய காற்று வீசும் பெட்டிக்குள் கையுறை அணிந்த கைகளை நுழைத்து, ஊசி முனையால் விளிம்பைக் கிளப்பி, தாளைப் பிரிப்போம். 2, 3 மைக்கிரோமீற்றர் தடிப்பில், அணு அளவான ஒரு படி கூட இல்லாமல், சில சென்றிமீற்றர் அகலத்துக்கு ஒரே தாளாக வர வேண்டும். படி இருந்தால் சாய்ந்த ஒளியில் நிறம் ஒரு கோட்டில் மாறும். அந்தத் தாள் குப்பைக்கு. நல்ல தாள் வந்தால் அதைத் துண்டுகளாக்குவோம். ஒரே தாளின் இரண்டு துண்டுகள் என்றால் தடிப்பு சமம். பின்னால் வரும் கணக்கு அதை நம்பியிருக்கிறது. பின்பக்கத்தில் சுமார் 50 நனோமீற்றர் வெள்ளியை ஆவியாக்கிப் படியவைத்து, வெள்ளிப் பக்கம் கண்ணாடியை நோக்கி இருக்கும்படி சிறிய உருளை வடிவக் கண்ணாடிகளில் ஒட்டுவோம். இரண்டு உருளைகளையும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் அவை ஒரே புள்ளியில் நெருங்கும். நடுவில் ஒரு துளி திரவம்.

இப்போது வெள்ளை ஒளியை கீழிருந்து விடுகிறோம். இரு வெள்ளிப் படலங்களுக்கு நடுவே ஒளி பலமுறை முன்னும் பின்னும் போய், குறிப்பிட்ட சில அலைநீளங்கள் மட்டுமே தப்பி வெளியே வருகின்றன. நிறமாலைமானியில் அவை வளைந்த ஒளிக்கோடுகளாகத் தெரியும். பரப்புகள் நெருங்க நெருங்கக் கோடுகள் நகரும். அந்த நகர்விலிருந்து இடைவெளியை 0.1 நனோமீற்றர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லலாம். ஒரு அணுவின் விட்டத்துக்கும் குறைவான அளவு அது. பரப்புகள் தொட்டுச் சப்பையானால் கோட்டின் நுனியும் சப்பையாகும். அதன் அகலம் தொடுகைப் பரப்பின் விட்டம். இடைவெளி, பரப்பு இரண்டும் ஒரே பார்வையில். இந்த ஏற்பாட்டை முதலில் கேம்பிரிட்ஜில் டேபரும் விண்டர்டனும் 1969இல் காற்றில் செய்தார்கள். அதே ஆய்வுகூடத்தில் மாணவராக இருந்த ஜேக்கப் இஸ்ரேலாச்விலி அதை மேம்படுத்தி, பிறகு ஆஸ்திரேலியாவின் கன்பராவில் திரவத்துக்குள்ளும் அளக்கும்படி செய்தார். கருவியின் பெயர் பரப்பு விசை மானி. 2018இல் அவர் மறைந்தார். இன்று இந்தத் துறையில் வேலை செய்யும் எவரும் அவர் வழியில்தான் நடக்கிறார்கள்.

அமுக்கும் விசையை ஒரு வில்லின் வளைவிலிருந்து படிக்கலாம். உராய்வுக்கு, மேல் பரப்பைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துகிறோம். அதைத் தாங்கும் மெல்லிய தகட்டு வில்கள் பக்கவாட்டில் வளைகின்றன. வில்லில் ஒட்டிய தகைமானிகள் அதை மின்னழுத்தமாக மாற்றிக் காட்டுகின்றன. நொடிக்கு 1 மைக்கிரோமீற்றர் வேகம் என்று வையுங்கள். படலம் 1 நனோமீற்றர். வேகத்தைத் தடிப்பால் வகுத்தால் கொய்வு வீதம் நொடிக்கு 1,000. கண்ணுக்கு அசையாமல் இருப்பதுபோல் தோன்றும் நகர்வுதான்; திரவத்துக்கு அது கடுமையான கொய்வு.

அதில் கண்டது என்ன என்பதற்கு வருகிறேன். உருண்டை வடிவத்துக்கு நெருங்கிய சிலிக்கோன் மூலக்கூறு ஒன்று இந்தச் சோதனைகளில் அதிகம் பயன்பட்டது. விட்டம் சுமார் 0.9 நனோமீற்றர். 1981இல் ஹோர்னும் இஸ்ரேலாச்விலியும் அதை இரண்டு மைக்காவுக்கு நடுவே நசுக்கியபோது, அது வழுவழுவென்று வெளியேறவில்லை. ஓர் அடுக்கு வெளியேறும், நிற்கும்; இன்னும் அமுக்கினால் அடுத்த அடுக்கு வெளியேறும், நிற்கும். திரவம் சுவரோரத்தில் அடுக்கடுக்காக நிற்கிறது. 1988இல் இஸ்ரேலாச்விலியும் மக்விகனும் ஹோமோலாவும் அத்தகைய படலங்களைப் பக்கவாட்டில் கொய்தார்கள். சில அடுக்குகள் மட்டும் மிஞ்சிய நிலையில் திரவம் திடப்பொருள்போல நடந்துகொண்டது. ஓர் எல்லை வரை தள்ளினால் அசையவில்லை, எல்லை தாண்டியதும் சட்டென்று வழுக்கியது, மறுபடி பிடித்தது. அடுக்குகளின் எண்ணிக்கை குறையக் குறைய அந்த எல்லைத் தகைப்பு பல மடங்கு ஏறியது. 1995இல் கிளைனும் குமச்சேவாவும் இன்னும் கூர்மையாக அளந்து, ஏழு அடுக்கிலிருந்து ஆறு அடுக்குக்கு வரும்போது பாகுத்தன்மை ஒரு கோடி மடங்காவது தாவுகிறது என்றார்கள். டப்பாவில் இருந்த அதே திரவம்தான். நுவரெலியாவில் உங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் குளிரால் உறைவதைத் தினமும் பார்க்கிறீர்கள். இங்கே குளிரே இல்லாமல் நெருக்கத்தால் உறைகிறது.

எல்லாருக்கும் இது ஒப்பு அல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவ் கிரானிக்கின் குழு, தாவல் இல்லை, கண்ணாடி இறுகுவதுபோலப் படிப்படியாகத்தான் ஏறுகிறது என்றது. பிறகு ஒரு பெரிய சச்சரவு எழுந்தது. மைக்காவைத் துண்டாக்கப் பழுக்கக் காய்ச்சிய பிளாட்டினக் கம்பியைப் பயன்படுத்துவது வழக்கம். அந்தக் கம்பியிலிருந்து நனோமீற்றர் அளவான பிளாட்டினத் துணுக்குகள் தாளின் மேல் விழுகின்றனவா, விழுந்தால் இதுவரை அளந்ததில் எவ்வளவு துணுக்கின் வேலை, எவ்வளவு திரவத்தின் வேலை என்று கேள்வி எழுந்தது. கவனமாக வெட்டினால் துணுக்கு விழாது என்று ஒரு சாரார்; வெட்டாமல் கிழித்த தாளில் மறுபடி அளக்க வேண்டும் என்று மறு சாரார். எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. அடுக்குகள் உண்மை, நெருக்கத்தில் திரவம் இறுகுவதும் உண்மை. ஆனால் எப்படி வெட்டினேன், எங்கே வெட்டினேன், தாள் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை எழுதாத எந்த எண்ணையும் நான் ஏற்க மாட்டேன். 1 நனோமீற்றர் இடைவெளியில் 2 நனோமீற்றர் துணுக்கு ஒன்று உட்கார்ந்தால் நாம் அளப்பது அந்தத் துணுக்கை.

தண்ணீர் இதற்கு மாறாக நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2001இல் ரவிவ், லோரா, கிளைன் மூவரும் தூய நீரை ஒரு நனோமீற்றருக்கும் குறைவாக நசுக்கினார்கள். அதன் பாகுத்தன்மை வாளியிலிருக்கும் நீரின் பாகுத்தன்மையிலிருந்து மூன்று மடங்குக்கு மேல் விலகவில்லை.

கேள்வி: பாலில்லாத கடுஞ்சாயம் குடித்தால் நாக்கு கரடுமுரடாகிவிட்டதுபோல் இருக்கிறது. இதற்கும் உராய்வுக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
— தலவாக்கலை வாசகி

பதில்: உண்மை சகோதரி. தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே உமிழ்நீர்ப் படலம் இருக்கிறது. அது வெறும் நீர் அல்ல. மியூசின் போன்ற வழுவழுப்பான புரதங்கள் தோலோடு ஒட்டி ஒரு மெல்லிய உறையாக நிற்கின்றன. அதுதான் வாயின் மசகு. தேயிலையின் கற்றெக்கின்களும், நொதித்தலில் உண்டாகும் தியாஃபிளேவின்களும் (இரண்டும் பொலிபீனோல் வகைப் பொருட்கள்) உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரட்டிவிடுகின்றன. உறை குலைகிறது; நாக்கு அண்ணத்தில் உரசுகிறது. இதை ஆய்வுகூடத்தில் மென்மையான சிலிக்கோன் ரப்பர் பரப்புகளுக்கு நடுவே உமிழ்நீரை விட்டு அளக்கிறார்கள். முதலில் உராய்வுக் குணகம் (உராய்வு விசையைச் சுமையால் வகுத்தால் வருவது) மிகக் குறைவாக இருக்கும். சாயத்தின் பொலிபீனோல் சேர்ந்ததும் ஏறும். பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதும் இதனால்தான். பாலின் கேசீன் புரதம் அந்தப் பொலிபீனோல்களை முந்திக்கொண்டு பற்றுகிறது. உமிழ்நீருக்கு மிஞ்சுவது குறைவு. துவர்ப்பு முழுவதும் உராய்வுதானா, வாயின் நரம்பு முனைகள் அந்தப் பொருட்களை நேரடியாகவும் உணர்கின்றனவா என்பதில் வாதம் தொடர்கிறது.

ஒரு கரண்டி சாயத்தை உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு, இந்தக் கொழுந்து எந்த உயரத்துக் கொழுந்து என்று சொல்லும் சுவைஞர்களை நான் மதிக்கிறேன். அவர்களுடைய நாக்கு செய்யும் வேலையின் ஒரு பகுதி, மெல்லிய படலத்தின் கொய்வை அளப்பது.

கேள்வி: பூட்டுக்கு எண்ணெய் விடாதே, பென்சிற்கரித் தூளைப் போடு என்கிறார்கள். எது நல்லது?
— மாத்தளை வாசகர்

பதில்: பென்சிற்கரித் தூள் (கிராஃபைட்). எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துப் பசையாகும். போகலை, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து வரும் நம் நாட்டுப் பென்சிற்கரி மிகத் தூய்மையானது. அதன் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதாக வழுக்கும். ஆனால் இந்த வழுக்கலுக்குக் காற்றின் ஈரமும் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானங்களின் மின்னியக்கிகளில், சுழலும் பகுதியோடு உரசி மின்சாரம் கடத்தும் கரித் தூரிகைகள் விரைவாகத் தூளாகிப் போயின. அங்கே காற்றில் ஈரம் இல்லை. மாத்தளையில் உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி: அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இப்போது மலை இறங்கும்போது முழங்கால் வலி. மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டது என்கிறார்கள். ஊசி போட்டால் எண்ணெய் திரும்புமா?
— அப்புத்தளை வாசகி

பதில்: நான் மருத்துவர் அல்ல. அம்மாவை மூட்டு மருத்துவரிடம் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். மூட்டு எப்படி வழுக்குகிறது என்பதை மட்டும் நான் சொல்ல முடியும். அதைச் சொன்னால் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி தெளிவாகும்.

முழங்காலில் வழுக்குவது எண்ணெய் அல்ல, பெரும்பாலும் நீர். குருத்தெலும்பின் எடையில் 70 முதல் 80 வீதம் நீர். சுமை விழும்போது முதலில் அந்த நீரின் அழுத்தமே சுமையைத் தாங்குகிறது. மேற்பரப்பில் ஹையலூரோனன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி, லூப்ரிசின் என்ற புரதம், கொழுப்பு மூலக்கூறுகள் சேர்ந்த மிக மெல்லிய படலம். அந்தக் கொழுப்பு மூலக்கூறுகளின் தலையை நீர் மூலக்கூறுகள் இறுகப் பற்றி நிற்கின்றன. அமுக்கினாலும் விலகுவதில்லை, ஆனால் பக்கவாட்டில் எளிதாக வழுக்குகின்றன. இதையும் மைக்காவில் வைத்து அளந்தவர் நான் மேலே சொன்ன கிளைன்தான். நல்ல மூட்டின் உராய்வுக் குணகம் 0.01க்கும் கீழே.

மூட்டுத் தேய்வில் வற்றுவது எண்ணெய் அல்ல, குருத்தெலும்பே சேதமாகிறது. ஹையலூரோனன் ஊசி சிலருக்கு வலியைக் குறைத்திருக்கிறது. ஆனால் எவ்வளவு பயன் என்பதில் ஆய்வுகள் ஒருமித்து இல்லை. அது தேய்ந்த குருத்தெலும்பை மீட்டுத் தராது. பெரிய தொகை கொடுப்பதற்கு முன், தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி அம்மாவுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொழுந்துச் சுமையோடு சரிவில் இறங்கிய அந்தக் கால்களுக்கு நல்ல மருத்துவம் கிடைப்பது சலுகை அல்ல, உரிமை.

கேள்வி: எங்கள் பாடசாலையில் இப்படிக் கருவிகள் இல்லை. ஏதாவது ஒன்றை நாங்களே அளக்க முடியாதா?
— விஞ்ஞான மன்ற மாணவர்கள், பூண்டுலோயா

பதில்: முடியும் பிள்ளைகளே. நனோமீற்றரில் அல்ல, மைக்கிரோமீற்றரில் தொடங்குங்கள்.

நுணுக்குக்காட்டிக்கு வைக்கும் இரண்டு கண்ணாடி வில்லைகளை எடுங்கள். 75 மில்லிமீற்றர் நீளம், 25 மில்லிமீற்றர் அகலம். பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நூல் ஒட்டும். ஊசி ஏற்றும் குழாயில் 1 மில்லிலீற்றர் எண்ணெயை எடுத்து எத்தனை துளி விழுகிறது என்று எண்ணினால் ஒரு துளியின் கனவளவு கிடைக்கும். ஒரு துளி 0.05 மில்லிலீற்றர் என்றால், இரண்டு வில்லைகளுக்கும் நடுவே அது முழுவதும் பரவியதும் படலத்தின் தடிப்பு சுமார் 27 மைக்கிரோமீற்றர். கனவளவைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள்.

கீழ் வில்லையை ஒரு பலகையில் ஒட்டுங்கள். பலகையை 5 பாகை சாயுங்கள். மேல் வில்லையின் எடையில் சரிவு வழியே இழுக்கும் பங்குதான் உங்கள் உராய்வு விசை. வில்லையின் திணிவு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சூரியகாந்தி எண்ணெய் என்றால் அது நொடிக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் வழுக்கும். 10 மில்லிமீற்றர் நகரும் நேரத்தைக் குறியுங்கள். அதற்கு மேல் விடாதீர்கள், பரப்பு மாறிவிடும். விசையைப் பரப்பால் வகுத்தால் கொய்வுத் தகைப்பு. வேகத்தைத் தடிப்பால் வகுத்தால் கொய்வு வீதம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பாகுத்தன்மை. பிறகு இரண்டு துளி விட்டுச் செய்யுங்கள். தடிப்பு இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாக வேண்டும். அரைத் துளிக்குப் போகும்போது வில்லை சில வேளை நடுவழியில் நின்றுவிடும். பெரும்பாலும் அது தூசி. 20, 30 மைக்கிரோமீற்றர் துகள் ஒன்று போதும். மறுபடி கழுவுங்கள்.

தேங்காயெண்ணெய் வேண்டாம்; உங்கள் ஊர்க் காலைக் குளிரில் பாதியில் உறையத் தொடங்கும். முடிவுகளை எனக்கு அனுப்பும்போது எண்ணெயின் பெயர், துளியின் கனவளவு, சாய்வுக் கோணம், அறையின் வெப்பநிலை நான்கையும் எழுதுங்கள். வெப்பநிலை எழுதாத பாகுத்தன்மை எண்ணை இந்தப் பக்கத்தில் நான் அச்சிட மாட்டேன்.